கூப்பிட்டால் வரும் பேருந்து

வட அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீட்டுக்கு வீடு கார் வந்தது. சிறு நகரங்களின் பேருந்துகள் ஆளின்றி ஓடி, ஒவ்வொன்றாக நின்றுபோயின. கார் ஓட்ட இயலாத முதியோரும், கார் வாங்க வசதியற்றவர்களும் வெளியே போக வழியின்றித் தவித்தனர். இந்தக் குறையைப் போக்க உருவானதே ‘டயல்-எ-பஸ்’. இதற்குக் குறித்த தடமோ நேர அட்டவணையோ கிடையாது. போன் செய்தால் சிறிய பேருந்து வாசலுக்கு வரும். போகிற வழியில் மற்றவர்களையும் ஏற்றிக்கொள்ளும்.

கனடாவில் டொரொன்டோவுக்குக் கிழக்கே உள்ள பே ரிட்ஜஸில் 1970-இல் இது தொடங்கியது. அங்கே பெரும்பாலோர் போகவேண்டிய இடம் ரயில் நிலையம் ஒன்றுதான் என்பதால் நடத்துவது எளிதாக இருந்தது. அடுத்த ஆண்டு அந்நாட்டின் ரெஜைனா நகரமும், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் சிறு நகரமான பட்டாவியாவும் இதை ஏற்றன. பட்டாவியாவில் வழக்கமான தடப் பேருந்தின் இடத்தையே இது பிடித்துக்கொண்டது.

சேவையின் முழுப் பாரமும் போன் எடுப்பவர் தலையில்தான் இருந்தது. ஏறுமிடத்தையும் இறங்குமிடத்தையும் துண்டுச் சீட்டில் குறித்து, எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்து, ரேடியோவில் ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. புதிதாக ஒருவரைச் சேர்த்தால், ஏற்கெனவே வண்டியில் இருப்பவருக்குத் தாமதமாகும். யாரை எவ்வளவு நேரம் காக்கவைக்கலாம் என்பதை நொடியில் முடிவுசெய்யும் இந்தத் திறமைக்கு உரிய மதிப்பு கிடைக்கவே இல்லை. ஊர் சிறியதாக, வண்டிகள் சிலவாக இருந்தவரை மனிதக் கணக்கே போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் கணினி தேவை என்று எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருதினர். நியூஜெர்சியின் ஹாடன்ஃபீல்டில் 1972 முதல் 1975 வரை அமெரிக்க மத்திய அரசு நடத்திய சோதனையில், கடைசிக் கட்டத்தில் கணினியும் பயன்பட்டது.

கலிபோர்னியாவின் சான்டா கிளாரா மாவட்டம் அளவை மீறி ஆசைப்பட்டது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் மாவட்டம் முழுவதற்கும் 1974 இறுதியில் சேவையைத் தொடங்கியது. அழைப்புகள் குவிந்து போன் இணைப்பு கிடைப்பதே அரிதாயிற்று. பிழைப்பு போகிறதென்று டாக்சி நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 1975 மே மாதத்தில் சேவை நின்றது.

செலவும் இடித்தது. தடப் பேருந்தில் இன்னும் பத்துப் பேர் ஏறினால் கூடுதல் செலவு அநேகமாக இல்லை. இதிலோ ஒவ்வொரு பயணியும் சுற்றுவழியைக் கூட்டுகிறார். ஓட்டுநர் சம்பளம் சில பயணிகள்மீதே விழுகிறது. ஆகவே அரசு மானியமின்றி இது நிலைக்கவில்லை. ஊரகப் போக்குவரத்துக்கு மத்திய நிதி வழங்க 1978-இல் அமெரிக்கச் சட்டம் வழிசெய்தது. தடப் பேருந்தில் ஏற இயலாத மாற்றுத்திறனாளிகளுக்கு, அது ஓடும் பகுதிகளில் இணையான சேவை தரவேண்டும் என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது.