நெப்ராஸ்காவின் ஒற்றை அவை

1854-இல் தனி ஆட்சிப்பகுதியாக உருவான நெப்ராஸ்கா, 1867 மார்ச் 1 அன்று அமெரிக்காவின் 37-ஆவது மாநிலமானது. தலைநகரம் ஓமஹாவிலிருந்து லான்காஸ்டர் என்ற சிற்றூருக்கு மாறியது. ஊருக்கும் லிங்கன் என்று பெயர் மாறிற்று. மற்ற மாநிலங்களைப் போல இங்கும் முதலில் இரண்டு அவைகள்தாம். இரண்டும் முரண்பட்டால் ஒரு சிறு கூட்டுக்குழு கதவை அடைத்துக்கொண்டு மசோதாவைத் திருத்தும். யார் எதை வெட்டினார் என்பது வாக்காளருக்குத் தெரியாது. செனட்டர் ஜார்ஜ் நாரிஸுக்கு இது பொறுக்கவில்லை. ஒரே அவை போதும் என்று ஊர் ஊராகக் காரில் போய்ப் பேசினார். 1934 வாக்கெடுப்பில் வென்றார். பொருளாதார மந்தக் காலம் அது. செலவு குறையும் என்ற பேச்சும் எடுபட்டிருக்க வேண்டும். 1937-இல் 133 உறுப்பினர்களின் இடத்தில் 43 பேர் அமர்ந்தனர். இன்று 49 பேர். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. மசோதாக்கள் மீது பொதுமக்கள் நேரில் வந்து கருத்துச் சொல்லலாம். வேறெந்த மாநிலமும் இதுவரை ஒற்றை அவைக்கு மாறவில்லை.