ஒரே பிரவுசரில் பூட்டிக்கொண்ட நாடு

நம் சங்க அலுவலகக் கணினியில் பிரவுசரை மாற்றலாமா, வேண்டாமா என்ற பேச்சு சில மாதங்களாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. மாற்றச் சொல்பவர்கள் வேகம், பாதுகாப்பு என்கிறார்கள். வேண்டாம் என்பவர்கள், "இப்போதுதான் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதே, எதற்குக் கை வைக்க வேண்டும்?" என்கிறார்கள். இரண்டாவது கட்சியை லேசாக நினைத்துவிட வேண்டாம். ஏறக்குறைய இதே காரணத்தைச் சொல்லி ஒரு முழு நாடே பல ஆண்டுகள் ஒரே பிரவுசரில் இருந்திருக்கிறது. அதுவும் வீட்டுக்கு வீடு அதிவேக இணையம் கொடுத்ததில் உலகுக்கே முன்னோடியான தென்கொரியா. இந்த இதழின் வரலாற்றுப் பக்கம் அந்தக் கதைக்குத்தான்.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1990களில் அமெரிக்கச் சட்டம், தகவலைப் பூட்டி அனுப்பும் மென்பொருளுக்குக் கடுமையான ஏற்றுமதிக் கட்டுப்பாடு வைத்திருந்தது. அதனால் நெட்ஸ்கேப், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இரண்டுமே இரண்டு விதமாக வந்தன. உள்நாட்டுக்காரர்களுக்கு 128 பிட் பூட்டு, மற்ற நாட்டவருக்கு 40 பிட் பூட்டு. அந்த 40 பிட் எவ்வளவு உறுதி? 1995 ஆகஸ்டில் பிரான்சில் ஓர் ஆய்வாளர் சுமார் 120 கணினிகளை வைத்துக்கொண்டு நெட்ஸ்கேப்பின் ஏற்றுமதிப் பூட்டை 8 நாளில் திறந்து காட்டினார். இந்தப் பூட்டை நம்பி எந்த வங்கி கல்லாவை வெளியே வைக்கும்?

கொரிய அரசு காத்திருக்கவில்லை. நாமே ஒரு பூட்டு செய்துகொள்வோம் என்று இறங்கியது. 1998-ல் அரசின் தகவல் பாதுகாப்பு அமைப்பு 'சீட்' என்ற 128 பிட் குறியீட்டு முறையை உருவாக்கியது. 1999-ல் மின்கையெழுத்துச் சட்டம் வந்தது. அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் ஆளுக்கொரு டிஜிட்டல் சான்றிதழ் கொடுக்கும். வங்கி, வரி, பங்குச் சந்தை எல்லாவற்றுக்கும் அதுவே கையெழுத்து. இன்று இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அந்த நேரத்தில் அது உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமான முடிவு.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. எந்தப் பிரவுசருக்கும் 'சீட்' தெரியாது. ஆகவே பிரவுசரோடு ஒரு துணை நிரலை ஒட்டவைக்க வேண்டியிருந்தது. அதற்குக் கைவாகாகக் கிடைத்தது, மைக்ரோசாஃப்ட் 1996-ல் கொண்டுவந்த ஆக்டிவ்எக்ஸ். சாதாரண இணையப் பக்கம் பிரவுசர் போட்ட வேலிக்குள்தான் இயங்கும். ஆக்டிவ்எக்ஸ் அந்த வேலியைத் தாண்டி, நாம் கணினியில் நிறுவிய மென்பொருளைப் போலவே உள்ளே நடமாடும். விண்டோஸில், எக்ஸ்புளோரரில் மட்டும். ஆரம்பத்தில் நெட்ஸ்கேப்புக்கும் தனியாக ஒரு துணை நிரல் இருந்தது. நெட்ஸ்கேப் தேய்ந்து மறைந்ததும் அதற்கு யாரும் மெனக்கெடவில்லை.

இதில் வேடிக்கை, அமெரிக்கா அந்த ஏற்றுமதிக் கட்டுப்பாட்டை 2000 ஜனவரியிலேயே தளர்த்திவிட்டது. கொரியாவின் சட்டம் நடைமுறைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தனிப் பூட்டு செய்யக் காரணமாக இருந்த தடை போய்விட்டது, பூட்டு போகவில்லை. அதற்குள் அதை நம்பிச் சட்டம், வங்கிகள், கார்டு நிறுவனங்கள், சான்றிதழ் கொடுப்பவர்கள், பாதுகாப்பு மென்பொருள் விற்பவர்கள் என்று ஒரு பெரிய கூட்டமே உருவாகிவிட்டது.

சாதாரண மக்களின் பாடு என்ன? ஒரு கொரியர் வங்கியின் தளத்துக்குப் போனால் முதலில் விசைப்பலகைப் பாதுகாப்பு என்று ஒரு நிரல், பிறகு ஃபயர்வால் என்று ஒன்று, சான்றிதழுக்கு ஒன்று என வரிசையாக நிறுவச் சொல்லும். சான்றிதழ் என்பது கணினியில் ஒரு ஃபோல்டரில் கிடக்கும் சாதாரண ஃபைல். அதை பென் டிரைவில் நகலெடுத்து அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் சுமந்தார்கள். 'நிறுவட்டுமா?' என்று எது கேட்டாலும் 'சரி' என்று அழுத்துவது ஒரு நாட்டின் பழக்கமாகவே ஆகிவிட்டது. பாதுகாப்புக்காக வந்த ஏற்பாடு இப்படி ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்ததுதான் இதிலேயே பெரிய நஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது. மேக் கணினி வைத்திருந்தவர்கள் வங்கிக்காகவே விண்டோஸையும் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நமக்கும் இதில் ஒரு சின்ன அனுபவம் உண்டு. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இணையத்தில் தமிழ்ப் பத்திரிகை படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு தனி எழுத்துரு. அதை நாமாக நிறுவாவிட்டாலும் பக்கத்தோடு தானே இறங்கிவரும் 'டைனமிக் ஃபான்ட்' என்ற வசதியைப் பல தளங்கள் பயன்படுத்தின. எக்ஸ்புளோரருக்கு ஒரு முறை, நெட்ஸ்கேப் 4-க்கு வேறொரு முறை. நெட்ஸ்கேப் அதைக் கைவிட்ட பிறகு எக்ஸ்புளோரர் மட்டுமே மிச்சம். 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் வந்தபோது ஆசையாக மாறியவர்கள், தமிழ்ப் பத்திரிகையைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த கூட்டாஞ்சோறுதான் கண்டார்கள். யூனிகோடில் இருந்த பக்கங்களிலும் ஒரு தொல்லை: இரு ஓரமும் சீராக அமைத்த பத்திகளில் கொம்பும் காலும் தனித்தனியே சிதறித் தெரியும். 2008 ஜூனில் வந்த ஃபயர்பாக்ஸ் 3-ல்தான் அது சரியானது. அதுவரை 'நெருப்பு நரி' என்று செல்லப் பெயர் வைத்தவர்களும் தமிழ் படிக்க எக்ஸ்புளோரருக்கே திரும்பிப் போனார்கள். தளங்கள் யூனிகோடுக்கு மாறியபோதுதான் நம் பூட்டு திறந்தது. தமிழக அரசு யூனிகோடை முறைப்படி ஏற்றது 2010-ல்.

கொரியாவில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்தது. அதில் ஆக்டிவ்எக்ஸுக்குக் கெடுபிடி அதிகம். வங்கித் தளங்களும் அரசுத் தளங்களும் திண்டாடின. அவசரப்பட்டு விஸ்டாவுக்கு மாறாதீர்கள் என்று மக்களுக்கே சொல்ல வேண்டி வந்தது. அதே ஆண்டில் கொரியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் கிம் கீ-சாங், சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களில் ஒன்றின் மீது வழக்குத் தொடுத்தார். வேறு பிரவுசரில் வருபவருக்கும் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. 2009-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்.

நீதிமன்றத்தால் ஆகாததை ஒரு கைபேசி தொடங்கி வைத்தது. 2009 நவம்பரில் ஐபோன் கொரியாவுக்கு வந்தது. அதில் ஆக்டிவ்எக்ஸ் இயங்க வழியே இல்லை. ஜனங்கள் கையில் கைபேசியை வைத்துக்கொண்டு, "இதில் ஏன் பணம் கட்ட முடியவில்லை?" என்று கேட்கத் தொடங்கினார்கள். விதிகள் மெல்லத் தளர்ந்தன.

அடுத்த அடி ஒரு டிவி தொடரிலிருந்து விழுந்தது. 'நட்சத்திரத்திலிருந்து வந்த நீ' என்ற கொரியத் தொடர் 2014-ன் தொடக்கத்தில் சீனாவில் சக்கைப்போடு போட்டது. கதாநாயகி சோன் சோங்-யீ அணிந்த கோட்டை வாங்கச் சீன ரசிகைகள் கொரியத் தளங்களுக்கு வந்தார்கள். கொரியச் சான்றிதழ் இல்லாமல் வாங்க முடியவில்லை. 2014 மார்ச்சில் அதிபர் பார்க் குன்-ஹே விதிமுறைச் சீர்திருத்தக் கூட்டத்தில் இந்தக் கோட்டையே உதாரணமாகச் சொன்னார். பேராசிரியர்கள் பல வருடம் எழுதியும் நகராத கோப்பு, ஒரு கோட்டால் நகர்ந்தது! ஆன்லைன் கொள்முதலில் சான்றிதழ் கட்டாயம் என்ற விதி விலகியது. 2017 தேர்தலில் மூன் ஜே-இன், அரசுத் தளங்களிலிருந்து ஆக்டிவ்எக்ஸை ஒழிப்பதாகவே வாக்குறுதி கொடுத்தார். 2020 டிசம்பர் 10 அன்று அரசு அங்கீகாரச் சான்றிதழின் தனி அந்தஸ்து முடிந்தது.

2022 ஜூன் 15-ல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்புளோரருக்கு விடை கொடுத்தபோது, கியோங்ஜு நகரில் ஒரு கொரியப் பொறியாளர் 4,30,000 வோன் செலவழித்து அதற்கு ஒரு கல்லறைக் கல்லே செய்து, தம் சகோதரரின் காபிக் கடையில் வைத்தார். மற்ற பிரவுசர்களை டவுன்லோடு செய்ய நல்ல கருவியாக இருந்தவர் என்று அதில் பொறித்திருந்தது.

ஆனால் எக்ஸ்புளோரர் போனதும் எல்லாம் போய்விடவில்லை. பல கொரிய வங்கித் தளங்கள் ஆக்டிவ்எக்ஸை எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் தனி நிரல்களை நிறுவச் சொல்கின்றன. எந்தப் பிரவுசரில் போனாலும் அவை வேண்டும். 2023-ல் வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர் அவற்றில் சிலவற்றைப் பிரித்துப் பார்த்துப் பாதுகாப்பு ஓட்டைகளை வரிசையாக வெளியிட்டார்.

நம் அலுவலக விஷயத்துக்கு வருவோம். கொரியர்களைப் போன்ற நெருக்கடி நமக்கு இல்லை. 2008-ல் வந்த குரோம், 2020-ல் புது உருவில் வந்த எட்ஜ், பிரேவ், ஓபரா எல்லாவற்றுக்கும் உள்ளே ஓடுவது குரோமியம் என்ற ஒரே இயந்திரம். இவற்றில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது வீட்டுக்கு வேறு வண்ணம் அடிப்பது மாதிரிதான். ஃபயர்பாக்ஸ் மட்டும் வேறு இயந்திரம். அதற்கு மாறுவதானால் ஒவ்வொரு தளத்தையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். வரித் தாக்கலுக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்தான் முதலில் சோதிக்க வேண்டியது. அதற்கென்று கணினியில் நிறுவிய சிறு நிரல் புதுப் பிரவுசரோடு பேசுகிறதா என்று தாக்கலுக்குக் கடைசி நாள் நெருங்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. பழைய பிரவுசரை உடனே நீக்க வேண்டியதில்லை. இரண்டும் ஒரே கணினியில் சில மாதம் இருக்கட்டும்.

மின் கட்டணம், சொத்து வரி, வங்கி, பராமரிப்புக் கணக்கு என்று அலுவலகம் பயன்படுத்தும் தளங்களின் பட்டியல் தயாராகிறது. முன்பு பொருளாளராகவோ செயலாளராகவோ இருந்தவர்கள், "இந்தத் தளம் இந்தப் பிரவுசரில் மட்டும்தான் திறக்கும்" என்று எதையாவது கண்டிருந்தால் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து உதவவும்.