கோப்பு, நீட்சி

கோப்பு (பெயர்ச்சொல்): 1. ஒரே பொருள் பற்றிச் சேர்த்துக் கட்டிய தாள்கள். 2. கணினியில் ஒரு பெயரில் சேமித்த தரவு.

'கோ' என்னும் வினையடியில் பிறந்த சொல். மணி கோத்தல், கோவை, கட்டுக்கோப்பு எல்லாம் இதன் உறவு. ஆங்கில 'ஃபைல்' என்பதும் நூலைக் குறிக்கும் 'ஃபீலும்' என்ற லத்தீன் சொல்வழி வந்ததே. இரு மொழியும் நூலில் கோத்த தாளிலிருந்தே இப்பொருளைப் பெற்றன. மலேசியாவின் நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்ட ஆபீசில் கிராணி (எழுத்தர்) துளையிட்டுக் கயிறு கோத்து வைத்த கடிதக் கட்டும் கோப்பே.

நீட்சி: நீள் + சி. ஆள் 'ஆட்சி' ஆவதுபோல நீள் 'நீட்சி' ஆகும். கோப்புப் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளைக் குறிக்கும். எம்.எஸ். டாஸ் காலத்தில் பெயருக்கு 8, நீட்சிக்கு 3 எழுத்து என்பதே வரம்பு. கோப்பை எந்த மென்பொருளில் திறப்பது என்று விண்டோஸ் நீட்சியைப் பார்த்தே முடிவு செய்கிறது.

வழக்கு: நெகிரி செம்பிலானின் ரந்தாவ், லாபு பக்கத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பழைய கணினியில் வேர்டு 2003 இருந்தால், வேர்டு 2007இல் வந்த 'டிஓசிஎக்ஸ்' நீட்சியுள்ள வினாத்தாள் அதில் நேராகத் திறக்காது. நீட்சியை 'டிஓசி' என்று திருத்தினால் பெயர்தான் மாறும், உள்ளிருக்கும் வடிவம் மாறாது. புதிய கணினியில் திறந்து, 'சேவ் ஆஸ்' கொடுத்து, பழைய வடிவில் சேமிக்க வேண்டும்.

பள்ளிகளுக்குக் கோப்பு அனுப்புவோர் பழைய வடிவிலும் ஒரு படி சேர்த்தே அனுப்புங்கள்.