சென்னையிலிருந்து ஜித்தா: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

உம்ராவுக்குப் புறப்படும் குடும்பங்களில் பெரியவர்கள் முதலில் கேட்பது, "ஃபிளைட்டில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும்?" என்பதைத்தான்.

சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே வான்வழியில் நேர்தூரம் சுமார் 4,440 கிலோமீட்டர். விமானங்கள் தங்களுக்கு வகுக்கப்பட்ட பாதையில் செல்வதால் பறக்கும் தூரம் இதைவிடச் சற்றுக் கூடும். நேரடி விமானத்தில் போக ஏறத்தாழ 6 மணி நேரம் ஆகும். திரும்பி வர அதைவிடக் குறைவு. குளிர்காலத்தில் உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் பலமான காற்று, போகும்போது தடுத்து, வரும்போது தள்ளிவிடுகிறது. துபாய், தோஹா வழியாக மாறிச் செல்லும் டிக்கெட் சில சமயம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் முழங்கால் வலியுள்ளவர்களை அழைத்துச் செல்வோருக்கு நேரடி விமானமே நல்லது என்போம்.

டிக்கெட்டில் அச்சாகும் நேரம் அந்தந்த ஊர் நேரம். சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. காலை 10 மணிக்குச் சென்னையில் ஏறினால், 6 மணி நேரப் பயணத்துக்குப் பின் ஜித்தாவில் இறங்கும்போது அங்கே பகல் 1.30. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்கள் இந்த வித்தியாசத்தை மருத்துவரிடம் முன்பே சொல்லி, ஊசி நேரத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆறு மணி நேரத்தில் மிக முக்கியமானது கடைசிப் பகுதி. மீக்காத் எல்லை ஜித்தாவுக்கு முன்பே வந்துவிடுகிறது. கப்பலில் ஹஜ்ஜுக்குப் போன காலத்தில் நம்மவர்களுக்கு யலம்லம்தான் எல்லை. பம்பாய் – ஜித்தா ஹஜ் கப்பல் 1995-இல் நின்றுபோனது. இன்று விமானங்கள் பெரும்பாலும் கிழக்கிலிருந்து தாயிஃப் பக்கமாக வருவதால் கர்னுல் மனாஸில் எல்லையைக் கடக்கின்றன. தரையிறங்குவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பு இது நடக்கும். பல விமானங்களில் அறிவிப்புச் செய்வார்கள், ஆனால் அதையே நம்பித் தூங்கிவிடக் கூடாது. ஜித்தாவில் இறங்கி இஹ்ராம் கட்டிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால், மீக்காத்துக்குத் திரும்பிச் சென்று நிய்யத் செய்ய வேண்டும், இல்லையேல் தம் கொடுக்க வேண்டும் என்பது பெரும்பாலான உலமாக்களின் கருத்து.

ஆகவே ஆண்கள் இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிடாமல் கைப்பையில் வைத்துக்கொள்வது அவசியம். விமானக் கழிவறையில் உடை மாற்றுவது வயதானவர்களுக்குப் பெரும் சிரமம். குளித்து, வீட்டிலோ சென்னை விமான நிலையத்திலோ துணியை உடுத்திக்கொண்டு, நிய்யத்தையும் தல்பியாவையும் மீக்காத் நெருங்கும்போது சொல்வதே எளிது. பெண்கள் தங்கள் வழக்கமான உடையிலேயே நிய்யத் செய்யலாம்.

ஜித்தா விமான நிலையத்திலிருந்து மக்கா சாலை வழியே ஏறக்குறைய 100 கிலோமீட்டர். குடியேற்றச் சோதனை, பெட்டிகள், பேருந்து என்று இதற்குத் தனியாக மூன்று நான்கு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது இரவு 10 மணிக்கு ஜித்தாவில் ஏறினால் சென்னையில் விடிகாலை ஆறு மணியை ஒட்டி இறங்குவோம். கிழக்கு நோக்கி வருவதால் இரவு சுருங்கி, ஃபஜ்ர் நேரம் வானிலேயே வந்துவிடும். கோடைக்காலமானால் இறங்குவதற்குள் சூரியனே உதித்துவிடலாம். தொழுகையை விமானத்திலேயே முடித்துக்கொள்ள ஒளூவோடு இருங்கள்.