பல்லிக்கு ஒரு பதுங்கிடம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டனில் உள்ள மகள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை பத்து வயதுப் பேரன் என் முன்னால் வெறும் மாஜரின் டப்பா ஒன்றையும் ஒரு கத்தரிக்கோலையும் கொண்டுவந்து வைத்தான்.

"அம்மப்பா, இதில ஒரு வாசல் வெட்டித் தருவீங்களோ?"

அவன் வளர்ப்பது ஒரு பல்லி. மஞ்சள் மேனியில் கரும்புள்ளிகளும் பருத்த வாலும் கொண்ட அதனைச் சிறுத்தைப் பல்லி என்கிறார்கள். சிறிய கண்ணாடித் தொட்டியொன்றில் அதனை விட்டிருந்தார்கள். வந்த நாளிலிருந்து அது தண்ணீர்க் கிண்ணத்தின் பின்னால் மூலையோடு ஒட்டிக் கிடந்தது. போட்ட புழுக்களைத் தொடவில்லை. கடையில் வாங்கிய செயற்கைக் குகை அந்தச் சிறு தொட்டிக்குப் பெரிதாகிவிட்டதால் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். "ஒளிக்க இடமில்லாமல்தான் சாப்பிடாமல் கிடக்குது" என்பது பேரனின் தீர்ப்பு.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர்ப் பல்லிக்கு யார் வீடு கட்டிக் கொடுத்தார்கள்? சுவரில் மாட்டிய படங்களின் பின்னாலும் கூரை வளைகளின் இடுக்குகளிலும் அது தானே குடியேறிக்கொண்டது. நாமோ அது சொல்லும் சொல்லுக்குப் பலன் பார்த்தோம். பல்லியின் ஒலியை நிமித்தமாகக் கேட்ட செய்தி சங்கப் பாடல்களிலேயே உண்டு. ஆனால் அந்த டப்பாவில் வாசல் வெட்டிய அன்று தொடங்கிய தேடல், ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறொன்றுக்குள் என்னை இழுத்துச் சென்றது. உயிர்களைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்க மனிதன் விரும்பியதும், பார்க்கப்படும் உயிருக்கு மறைவிடம் வேண்டுமென்பதைப் பிந்தி உணர்ந்ததும் அந்த வரலாற்றின் இரண்டு பாகங்கள்.

கண்ணாடிப் பெட்டி முதலில் செடிக்காகவே பிரபலமானது. இலண்டனின் கிழக்குப் பகுதியில் வைத்தியராக இருந்தவர் நதானியேல் பாக்ஷோ வார்ட். 1829ஆம் ஆண்டு அவர் அந்துப்பூச்சிக் கூடு ஒன்றை ஈரமண்ணோடு கண்ணாடிப் போத்தலில் மூடி வைத்தார். பூச்சியைப் பார்க்கக் காத்திருந்தவருக்கு, அந்த மண்ணில் பன்னமும் புல்லும் முளைத்தது தெரிந்தது. புகை மண்டிய இலண்டனில் வெளியே வளர மறுத்த செடி மூடிய கண்ணாடிக்குள் வளர்ந்தது. 1833இல் வார்ட் பெட்டிகளில் அடைத்த செடிகள் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலில் அனுப்பப்பட்டன. 1842இல் அவர் இதனை ஒரு நூலாகவும் எழுதினார்.

இலங்கையின் பொருளாதாரத்தையே மாற்றிய பெட்டி அது. பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகளைக் கியூ தாவரவியல் பூங்காவில் முளைக்கவைத்து, ஏறத்தாழ 1,900 இறப்பர்க் கன்றுகளை 38 வார்ட் பெட்டிகளில் அடைத்து 1876ஆம் ஆண்டு இலங்கைக்கு அனுப்பினார்கள். கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட பூங்காவில் அக்கன்றுகள் வேரூன்றின. நமது இறப்பர்த் தோட்டங்களின் கதை ஒரு கண்ணாடிப் பெட்டியிலிருந்தே தொடங்குகிறது.

செடிக்கு வெளிச்சம் வேண்டும். அதற்கு ஒளிந்துகொள்ள வேண்டிய தேவை இல்லை. ஆகவே நாற்புறமும் கண்ணாடி என்பது செடிக்குப் பொருத்தமான வீடு. ஆனால் அதே பெட்டிக்குள் விரைவிலேயே மீனையும் தவளையையும் ஓணானையும் விடத் தொடங்கினார்கள். இலண்டன் மிருகக்காட்சிச்சாலை 1849இல் ஊர்வனவற்றுக்கெனத் தனிக் கட்டடம் திறந்தது. உலகில் இத்தகையது அதுவே முதலாவது. 1853இல் அங்கே மீன்களுக்கான கண்ணாடி மண்டபமும் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூல் 'அக்குவேரியம்' என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுசென்றது. யேர்மனியில் யோகான் வொன் பிஷர் 1884இல் தரைவாழ் உயிர்களுக்கான தொட்டிகளைப் பற்றிப் பெரிய நூலொன்றை வெளியிட்டார். இங்கிலாந்தில் கிரெகரி பேற்மன் என்ற பாதிரியார் 1897இல் ஊர்வனவற்றுக்கான பெட்டிகளைக் கட்டவும் ஒழுங்குபடுத்தவும் பராமரிக்கவும் வழிகாட்டி நூல் எழுதினார். வீட்டில் கையால் கட்டும் கலை அப்போதே ஒரு துறையாகிவிட்டது.

பேரனின் பல்லி அறிவியலுக்கு அறிமுகமானது அதே 1854இல் என்பது ஒரு தற்செயல். கல்கத்தாவில் வங்காள ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகப் பொறுப்பாளராக இருந்த எட்வேர்ட் பிளைத், பஞ்சாபின் உப்பு மலைத்தொடரிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு அதனை விவரித்தார். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஆகிய பகுதிகளின் வறண்ட பாறை நிலமே அதன் தாயகம். மற்றப் பெரும்பாலான பல்லிகளுக்கு இல்லாத கண்ணிமை அதற்கு உண்டு. மற்றப் பல பல்லிகளுக்கு உள்ள ஒட்டும் விரல்கள் அதற்கு இல்லை. இந்த இரண்டாவது வேறுபாட்டை நாம் கவனிக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பல்லி ஆபத்தென்றால் சுவரேறிப் படத்தின் பின்னால் மறைந்துவிடும். சிறுத்தைப் பல்லியால் கண்ணாடியில் ஏற முடியாது. தரையிலுள்ள கல்லிடுக்கும் வளையுமே அதற்கு அடைக்கலம். பகல் முழுவதும் அங்கே கிடந்து அந்திக்குப் பின்னரே இரை தேடி வெளியே வரும். இடுக்கில்லாத தொட்டியில் அதனை விடுவது, கதவில்லாத வீட்டில் ஒருவரைக் குடியிருத்துவதற்கு ஒப்பானது.

இந்த உண்மை மிருகக்காட்சிச்சாலைகளுக்கும் மெதுவாகவே புரிந்தது. இங்கே நினைவுகூரத்தக்கவர் ஜோன் பீச்சம் புரொக்ரர் என்ற பெண்மணி. 1897இல் பிறந்தவர், பள்ளி நாட்களிலேயே சிறு முதலையொன்றை வளர்த்தவர். தீராத நோயோடு போராடியபடியே 1923இல் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையின் ஊர்வனப் பிரிவுக்குப் பொறுப்பாளரானார். 1927இல் திறக்கப்பட்ட புதிய ஊர்வன மண்டபம் அவருடைய திட்டத்தின்படி எழுந்தது. பகுதிக்குப் பகுதி வேறுபட்ட வெப்பம், மின்சாரச் சூடேற்றல், புற ஊதாக் கதிர்களை உள்ளே விடும் கண்ணாடி ஆகியன அதன் சிறப்புகள். கூடுகளுக்குள் வெளிச்சமும் பார்வையாளர் நிற்கும் இடத்தில் மங்கலும் இருக்குமாறு அவர் அமைத்தார். இதனால் மறைவு கிடைத்தது பார்க்க வந்த மனிதனுக்கு. பார்க்கப்பட்ட பிராணி வெளிச்சத்திலேயே இருந்தது. இருந்தும், பெட்டி பிராணியின் உடலுக்கு ஏற்றதாக இருக்கவேண்டும் என்ற சிந்தனையை அந்த மண்டபம் முன்னெடுத்தது. புரொக்ரர் 1931இல், 34 வயதில் காலமானார்.

அடுத்த பெரும் அடியை எடுத்துவைத்தவர் சுவிற்சர்லாந்தின் ஹைனி ஹெடிகர். காட்டுயிர்கள் சிறைப்பட்டு வாழும் நிலையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1942இல் யேர்மன் மொழியிலும் 1950இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. ஒவ்வோர் உயிரினத்துக்கும் ஒரு தப்பியோடும் தூரம் உண்டு, பகைவன் அந்த எல்லைக்குள் வந்தால் அது ஓடும் என்று அவர் விளக்கினார். கூண்டிலே அந்தத் தூரம் கிடைக்காது. ஓடவும் முடியாமல் மறையவும் முடியாமல் இருக்கும் பிராணி ஓயாத பதற்றத்தில் வாழும். கூண்டின் பரப்பளவைவிட அதன் தரமே முக்கியம் என்பது அவர் வாதம். சிறு தொட்டியில் நீண்ட தூரத்தைக் கொடுக்க யாராலும் முடியாது. ஒரு மறைவிடத்தைக் கொடுக்கலாம். ஓடவேண்டிய தூரத்துக்குப் பதிலாக நாம் கொடுப்பதே பதுங்கிடம்.

1944இல் அமெரிக்க விஞ்ஞானிகளான ரேமண்ட் கௌல்ஸ், சார்ள்ஸ் போகர்ட் ஆகிய இருவரும் பாலைவன ஊர்வனவற்றின் வெப்பத் தேவை பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். குளிர்ந்த குருதிப் பிராணி சூழலின் வெப்பத்துக்கு அடிமை என்று கருதிவந்த காலம் அது. அவை வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறி நகர்வதன் மூலம் தம் உடல் வெப்பத்தைத் தாமே ஒழுங்குபடுத்துகின்றன என்று அவர்கள் காட்டினார்கள். நிழலுக்குச் செல்ல வழியில்லாமல் சுடுவெயிலில் அகப்பட்ட பாலைவனப் பல்லி சில நிமிடங்களிலேயே இறந்துபோகும். ஆகவே பதுங்கிடம் ஒன்று போதாது. தொட்டியின் சூடான பக்கத்தில் ஒன்றும் குளிர்ந்த பக்கத்தில் ஒன்றும் வேண்டும். ஒன்றுதான் உண்டென்றால், பாதுகாப்பா வெப்பமா என்று பல்லி தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

1970களிலிருந்து சிறுத்தைப் பல்லி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வளர்ப்பவர்களின் வீடுகளிலேயே பெருகத் தொடங்கியது. இன்று கடைகளில் விற்கப்படுபவை பெரும்பாலும் பல தலைமுறைகளாகத் தொட்டியிலே பிறந்தவை. பாறை நிலத்தைக் கண்ணால் கண்டிராத பல்லியும் இடுக்கைத் தேடுகிறது. 2016இல் வெளியான ஆய்வொன்றில் 16 சிறுத்தைப் பல்லிகளுக்குப் பலவகையான புதுமைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வெப்பத்தோடும் உணவோடும் தொடர்புடையவற்றில் அவை கூடுதல் ஈடுபாடு காட்டின.

இவற்றையெல்லாம் நான் படித்தது பின்னர்தான். அந்தச் சனிக்கிழமை எனக்கு ஆசிரியன் பேரனே. டப்பா ஒளி புகாததாக இருக்கவேண்டும் என்றான். தெளிந்த பிளாஸ்ரிக்கில் ஒளிந்து என்ன பயன்? வாசல் பல்லியின் உடல் நுழையும் அளவுக்கு மேல் அகலக் கூடாது. வெட்டிய விளிம்பைக் கண்ணாடிக் கடதாசியால் தேய்த்து மழுக்கினோம். ஒட்டுநாடா கூடாது என்று தடுத்தான். அது பல்லியின் தோலில் ஒட்டிக்கொண்டால் உரித்தெடுக்கும்போது காயமாகும். கல் அடுக்குவதானால் தொட்டியின் அடித்தளத்தில் நேராக ஊன்றவேண்டும். மணலின் மேல் அடுக்கினால், பல்லி தோண்டும்போது கல் சரிந்து அதனை நசுக்கிவிடும்.

மூன்றாவது டப்பாவில் ஈரமான தென்னந்தும்புத் தூளை நிரப்பினோம். பல்லி தோலுரிக்கும்போது ஈரம் வேண்டும். இல்லாவிட்டால் பழைய தோல் விரல்களைச் சுற்றி இறுகி, குருதியோட்டம் தடைப்பட்டு விரலே விழுந்துவிடும். பாதித் தேங்காய்ச் சிரட்டையில் வாசல் வெட்டி, பல்லிக் குகையென்று அங்குள்ள கடைகளில் விலைக்கு விற்பதையும் அன்றுதான் அறிந்தேன். நாம் அடுப்பில் எரித்த சிரட்டை!

கூரை எவ்வளவு உயரம் என்று கேட்டேன். "முதுகு முட்டவேணும் அம்மப்பா. பெரிசாயிருந்தால் அதுக்குப் பயம் போகாது" என்றான்.

சமையலறையிலிருந்த மகள் திரும்பிப் பார்த்தாள். "எங்கட வளவுப் பங்கரும் அப்படித்தானே அப்பா. குனிஞ்சுதான் போகவேணும்" என்றாள்.

1980களிலும் 1990களிலும் யாழ்ப்பாணத்தில் வளவுக்கு வளவு பதுங்குகுழி வெட்டினோம். மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு, சிதறல்கள் நேரே பாயாதபடி வாசலை வளைத்து வைத்தோம். அதனைக் கட்டப் பொறியியலாளர் எவரும் வரவில்லை. கையில் கிடைத்ததைக் கொண்டு வீட்டார் கட்டியது. குழிக்குள் தலை நிமிர்த்த முடியாத அந்த நெருக்கமே அவளைத் தூங்கவைத்தது என்று மகள் சொன்னபோது, நான் பதில் சொல்லவில்லை. டப்பாவின் விளிம்பை இன்னொரு தரம் தேய்த்தேன்.

தொட்டியில் வைத்துச் சிறிது நேரத்தில் பல்லி சூடான பக்கத்து டப்பாவுக்குள் நுழைந்தது. வாலும் மறைந்தது. பேரன் கண்ணாடியில் மூக்கை வைத்து நெடுநேரம் பார்த்தான். தன்னுடைய பல்லியைத் தன்னாலேயே காண முடியவில்லை என்ற ஏமாற்றம் அவன் முகத்தில் தெரிந்தது. மூடியைத் தூக்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். தூக்கினால் அது பதுங்கிடமாக இராது என்றேன். அவன் கையை எடுத்துவிட்டான்.

வார்ட்டின் போத்தலிலிருந்து இன்றுவரை கண்ணாடி நமக்காகவே செய்யப்பட்டது. உள்ளே இருப்பதற்காகச் செய்யப்பட்டது அந்த மாஜரின் டப்பா ஒன்றுதான். அடைத்து வைத்தவன் தன் பார்வையைச் சிறிது விட்டுக்கொடுப்பதே அடைபட்டதற்குச் செய்யும் முதல் உதவி.

மறுநாள் காலை நான் எழும்பும்போது பேரன் தொட்டியின் முன்னால் நின்றான். பல்லியைக் காணவில்லை. புழுக் கிண்ணம் வெறுமையாக இருந்தது.