செத்தவனுக்கு யார் சொந்தம்? – ஒரு துப்பறியும் நாவலின் இரண்டாம் பாகம்

துப்பறியும் நாவல் என்றாலே 'வணிகக் குப்பை' என்று ஒதுக்குவது நம் சிற்றிதழ்ப் பழக்கம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஜோசப் ஹான்சனின் (1923–2004) 'ஃபேடவுட்' (1970), அதன் தொடர்ச்சியான 'டெத் க்ளெய்ம்ஸ்' (1973) இரண்டையும் அடுத்தடுத்து வாசித்த பிறகு அந்தத் திமிர் கொஞ்சம் இறங்கியது.

களம் லாஸ் ஏஞ்சல்ஸும் அதன் சுற்றுப்புறங்களும். துப்பறிபவர் டேவ் பிராண்ட்ஸ்டெட்டர், ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியின் விசாரணையாளர், ஒருபாலுறவாளர்.

அந்த நகரத்தில் அப்போது நிலைமை என்ன? 1967 புத்தாண்டு நள்ளிரவில், சில்வர் லேக் பகுதியின் 'பிளாக் கேட்' மதுக்கடையில் ஆண்கள் முத்தமிட்டு வாழ்த்திக்கொண்டார்கள். மஃப்டியில் இருந்த போலீஸ் அடித்து நொறுக்கி, ஆட்களைக் கைது செய்தது. பிப்ரவரி 11 அன்று கடை வாசலில் ஆர்ப்பாட்டம். நாம் வரலாற்றை நியூயார்க்கின் ஸ்டோன்வாலில் (1969) தொடங்குகிறோம். இது அதற்கு இரண்டு வருஷம் முந்தியது.

1970 ஜூன் 28 அன்று ஹாலிவுட்டில் ஊர்வலம். ஏற்பாடு செய்தவர்களில் ஹான்சனும் ஒருவர். அனுமதி வேண்டுமென்றால் 10 லட்சம் டாலருக்கு ஒன்று, 5 லட்சத்துக்கு ஒன்று என இரண்டு பிணைப் பத்திரம் கொண்டு வா என்றது போலீஸ் ஆணையம். கோர்ட்டுக்குப் போய் ஜெயித்துத்தான் தெருவில் நடந்தார்கள். இவர்கள் நடந்தால் ஊருக்கு என்ன சேதம் என்று அதிகாரம் விலை போட்ட அதே வருஷம், ஒரு ஒருபாலுறவாளரை மற்றவர்களின் சாவை விசாரிக்கிற நாற்காலியில் உட்கார வைத்தது ஹான்சனின் பிரதி.

காப்பீடு என்பது தற்செயலான தொழில் அல்ல என்றே வாசிக்கிறேன். ஒருவன் செத்தால் பணம் யாருக்கு? இது கொள்ளி போடும் உரிமை யாருக்கு என்கிற கேள்விதான்; பத்திர மொழியில் கேட்கப்படுகிறது, அவ்வளவுதான். இருபது வருஷத்துக்கு மேல் டேவோடு வாழ்ந்த ராட் புற்றுநோயில் செத்துப்போன துக்கத்தில்தான் முதல் நாவல் நகர்கிறது. பெண்டாட்டி செத்தவனுக்குத் தபுதாரன் என்று பெயருண்டு. டேவுக்கு?

இரண்டாவது நாவலில் ஜான் ஓட்ஸ் என்பவரின் உடல் கடற்கரையில் ஒதுங்குகிறது. பாலிசி, காணாமல்போன மகன் பெயரில் இருக்கிறது. இது விபத்தல்ல என்று சொல்பவள் அவரோடு வாழ்ந்த ஏப்ரல். கட்டிய மனைவி அல்ல. 'குடும்பம்' என்கிற கட்டமைப்பு வெளியே தள்ளுவது ஒருபாலுறவாளரை மட்டுமில்லை என்று டேவின் கண் வழியே தெரிகிறது.

அதைவிட முக்கியம், இது இரண்டாம் பாகம் என்பது. அதற்கு முந்தைய குற்றக் கதைகளில் இப்படிப்பட்டவன் பெரும்பாலும் பிணமாகவோ கொலைகாரனாகவோதான் வந்தான். கடைசிப் பக்கத்தோடு அவன் கணக்கு முடியும். இங்கே டேவ் மிச்சமிருக்கிறார். டக் என்பவரோடு புது வாழ்க்கை. இருவருக்கும் நடுவே, செத்துப்போன பழைய துணைகளின் நிழல். மேற்கொண்டு வாழ்வதே ஓர் அரசியல்.

குறை இல்லாமல் இல்லை. கம்பெனி டேவின் அப்பாவுடையது. யார் வீட்டுக் கதவையும் தட்டிக் கேள்வி கேட்கிற அதிகாரம் அந்த வர்க்கம் கொடுத்தது. பிளாக் கேட்டில் அடிபட்டவர்களிடம் அப்படியொரு அட்டை இல்லை.

நகரமும் மாறியது. வயதுவந்தோரின் சம்மத உறவைக் குற்றமாக்கிய கலிஃபோர்னியச் சட்டம் 1976இல் செத்தது. 1984இல் வெஸ்ட் ஹாலிவுட் தனி நகரமானது. அதற்குள் எய்ட்ஸ் வந்துவிட்டது. 'எர்லி கிரேவ்ஸ்' (1987) நாவலில் பிணம் டேவின் வாசலிலேயே கிடக்கிறது. கொல்லப்படுகிறவர்கள் எல்லாம் எய்ட்ஸ் நோயாளிகள். எப்படியும் சாகப்போகிறவனை எவன் கொல்லுவான், ஏன்?

முன்னேற்றம் நேர்கோட்டில் போகும் என்று நம்புகிறவர்களை இந்தக் கேள்வி நிறுத்தும். சட்டம் ஒரே நாளில் செத்துவிடும். செத்தவனுக்கு யார் சொந்தம் என்கிற கணக்கு அவ்வளவு லேசில் தீராது. பன்னிரண்டு நாவல், 1991 வரை, ஹான்சன் அந்தக் கணக்கைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்.