கிர்தாஸ் தந்த கோரை

விருந்தினர் வந்ததும் நம் இல்லங்களில் விரிக்கப்படும் கோரைப்பாயை அறியாதார் யார்? அக்கோரைக்கு நெருங்கிய உறவான மற்றொரு செடி, ஒரு காலத்தில் அரபு எழுத்தையே சுமந்து நின்றது. நைல் நதியின் அச்செடியை அரபியர் 'பர்தீ' என்றனர். அதிலிருந்து செய்த தாளைக் 'கிர்தாஸ்' என்றனர். கிர்தாஸ் என்னும் சொல் திருக்குர்ஆனின் 6-ஆம் அத்தியாயத்திலும் இடம்பெற்றுள்ளது.

பர்தீ பல்லாண்டு வாழும் செடி. சேற்றுக்கடியில் படரும் அதன் கிழங்கிலிருந்து புதுப்புதுத் தண்டுகள் கிளம்பி, 4 அல்லது 5 மீட்டர் உயரம் வரை வளரும். தண்டு முப்பட்டையானது, உச்சியில் பச்சைக் குடை விரிந்தாற்போல் இழைகள் தொங்கும். ஆழமற்ற நன்னீர், வண்டல் சேறு, முழு வெயில், உறைபனியில்லாத காற்று ஆகிய நான்கும் அதற்கு வேண்டும். நைலின் கழிமுகச் சதுப்புகள் இவற்றைக் குறைவின்றி அளித்தன. தண்டின் தோலை நீக்கி, உள்ளிருக்கும் வெண்சோற்றைக் கீற்றுகளாக அரிந்து, நெடுக்காகவும் குறுக்காகவும் இரு வரிசை பரப்பி, அழுத்தி உலர்த்தினால் தாள் கிடைத்துவிடும்.

ஹிஜ்ரி 22, அதாவது கி.பி. 643-இல், எகிப்தின் அஹ்னாஸ் நகரில் முஸ்லிம் படையினர் 65 ஆடுகளைப் பெற்றுக்கொண்டு ஒரு பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தனர். கிரேக்கம், அரபு ஆகிய இரு மொழிகளிலும் கிர்தாஸில் எழுதப்பட்ட அச்சீட்டு, இன்று வியன்னாவிலுள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதன் எழுத்துகள் சிலவற்றில் புள்ளிகளும் காணப்படுகின்றன. அரபு எழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பிற்காலத்தது என்பாருக்கு அந்த ஆட்டுச் சீட்டே மறுமொழி. வென்றவர் பெற்ற பொருளுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தனர் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

கலீஃபா முஃதஸிம் 836-இல் ஸாமர்ரா நகரை அமைத்தபோது, எகிப்திலிருந்து கிர்தாஸ் வினைஞரை வரவழைத்தார் என்று வரலாற்றாசிரியர் யஃகூபீ குறிக்கிறார். ஆயினும் அத்தொழில் அங்கே வேரூன்றவில்லை. வினைஞர் பெயர்ந்து வரலாம். நைலின் சதுப்பு அவர்களுடன் வருமா? கந்தலிலிருந்து செய்யப்படும் காகிதத்துக்கோ இத்தகைய தளை இல்லை. 8-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பக்தாதில் காகிதத் தொழில் தோன்றிவிட்டது. 10-ஆம் நூற்றாண்டில் எகிப்திலும் கிர்தாஸின் இடத்தைக் காகிதமே பிடித்துக்கொண்டது.

தாளின் தேவை போயிற்று, பேணுவாரும் அற்றனர், சதுப்புகள் விளைநிலங்களாயின. பர்தீயும் தன் தாயகத்திலிருந்து அநேகமாக மறைந்தே போயிற்று. 1960களில் ஹஸன் ரகப் என்னும் எகிப்தியர், சூடானிலிருந்து கிழங்குகளைக் கொண்டுவந்து கெய்ரோவில் மீண்டும் பயிரிட்டார்.

செடி நீரால் வாழ்ந்தது. சீட்டோ எகிப்தின் வறண்ட மணலால் பிழைத்தது. எழுதப்பட்டது எஞ்சியது, எழுதத் தாள் தந்தது அழிந்தது. நெகிழிப் பாய் நுழைந்துவிட்ட நம் வீடுகளும், நம் ஆற்றங்கரைக் கோரையை நினைத்து, இவ்வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.